பெரி.லெ.வீர.லெ.: மூன்றாவது எழுத்து ஏன் இடறுகிறது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் தேவகோட்டையை ஒட்டிய ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர். நான் பிறந்து வளர்ந்தது கோவையில். விலாசம் (பெயருக்கு முன் வரும் முன்னோர் பெயரெழுத்துகள்) பெரி.லெ.வீர.லெ. அமெரிக்காவில் இருக்கும் என் மகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசாவில் அவன் பெயருக்கு முன் ‘எஃப்.என்.யூ.’ (முதற்பெயர் தெரியாது) என்று அச்சிட்டுவிட்டார்கள். பிறக்கப்போகும் பேத்திக்காவது ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்கிறான். எது எங்கள் குடும்பப் பெயர்? செட்டியாரா, ஊர்ப் பெயரா? இதைத் தேடப்போய் வேறொன்று கிளம்பியது. ‘உங்க ஐயா கூட்டி வந்த பிள்ளை’, அதாவது என் தாத்தா தத்து வந்தவர், என்கிறார் ஒரு பங்காளி. அப்பச்சி (என் தந்தை) அப்படி ஒன்றும் சொன்னதில்லை. எங்களிடம் இருப்பவை: பினாங்கில் 1929-ல் எழுதிய ஓர் அடமானப் பத்திரத்தின் நகல் (‘பி.எல்.வி.’ என்ற விலாசம், கையெழுத்திட்டவர் யாரென்று தெரியவில்லை), ஐயாவின் பெற்றோர் கல்யாண ஓலை என்று சொல்லப்படும் ஒன்று (‘விளம்பி’ என்பது மட்டும் படிக்க முடிகிறது, படம் இணைத்திருக்கிறேன்), ‘அரு.சித.’ என்று வெட்டிய ஒரு பித்தளை அண்டா. ஊர் வீட்டில் அப்பச்சிக்கு 12-ல் ஒரு பங்கு, அவர் தம்பிக்கும் அதே. எங்கிருந்து தொடங்குவது? எத்தனை தலைமுறை மேலே போகலாம்?

பதில்:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய விலாசத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

விலாசம் என்பது குடும்பப் பெயர் அல்ல. தலைமுறைதோறும் வலது பக்கம் ஓரெழுத்து கூடும், நீளம் தாங்காதபோது இடது பக்கம் உதிரும். கோட்டையூர் வள்ளல் அழகப்பரின் விலாசம் கே.வி.அழ.ராம. அதில் ராம. என்பது தந்தை ராமநாதன். அழ. என்பது தந்தையின் தந்தை அழகப்பன். அந்தப் பெயரே பேரனுக்கு வந்தது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்கு முன்னால் வரும் எஸ்.ஆர்.எம்.எம். என்பது சாத்தப்பன், ராமநாதன், முத்தையா என்று மூன்று பேர். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஆள் மூன்று. ஏவி.எம். என்பதிலும் அப்படித்தான். ஏ-யும் வி-யும் சேர்ந்து ஆவிச்சி என்ற ஒரே ஆள், மெய்யப்பரின் தந்தை. இதை ஆங்கில எழுத்தை எண்ணித் தலைமுறை கணக்கிடுகிறவர்கள் எல்லாரும் தவறவிடுகிறார்கள்.

உங்கள் பி.எல். அந்த வகையில் ஆபத்தான ஜோடி. நகரத்தார் ஆங்கில விலாசத்தில் பி.எல். என்று சேர்த்து எழுதினால் பெரும்பாலும் பழனியப்பன். யாரிடம் காட்டினாலும் அப்படித்தான் படிப்பார்கள். அப்படிப் படித்தால் உங்கள் கொடிவழியில் ஒரு தலைமுறை காணாமல் போகும், இல்லாத ஒரு பழனியப்பர் முளைப்பார். தமிழில் இந்தக் குழப்பமே வராது. பழனியப்பனுக்கு பழ., உங்களுடையது பெரி., லெ. ஆகவே கண்ணில் படும் ஒவ்வொரு ஆங்கில விலாசத்துக்கும் தமிழ் விலாசத்தைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். எம். என்றால் முத்தையா, மெய்யப்பன், மாணிக்கம், முருகப்பன் யாராகவும் இருக்கலாம். எஸ். என்றால் சாத்தப்பன், சுப்பையா, சேவுகன், சொக்கலிங்கம். தமிழிலும் முழு நிச்சயம் கிடையாது. பெரி. என்பது பெரியகருப்பனா பெரியண்ணனா என்று இப்போதைக்கு முடிவு செய்யாதீர்கள். ‘பெரி.’ என்றே வம்ச மரத்தின் உச்சியில் எழுதி வையுங்கள்.

இனி இடறும் எழுத்துக்கு வருகிறேன். மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயர், இரண்டாவது பிள்ளைக்கு ஆத்தாளை (தாயை)ப் பெற்ற ஐயாவின் பெயர் என்பது பொதுவான முறை. பெண்பிள்ளைகளில் மூத்தவளுக்கு அப்பத்தா பெயர், அடுத்தவளுக்கு ஆயா (தாயின் தாய்) பெயர். இதன்படி பெரி.யின் மகன் லெ.வுக்குப் பிறந்த மூத்த பிள்ளை ‘பெரி’யாக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஐயா வீரப்பன். அடுத்த தலைமுறையில், அதாவது உங்கள் அப்பச்சியிடம், லெட்சுமணன் என்று முறை திரும்பச் சரியாகிறது. வீர. என்ற ஓரெழுத்து மட்டும் வரிசையில் ஒட்டாமல் நிற்கிறது.

இதற்குக் காரணங்கள் நான்குதான். அவர் இரண்டாவது பிள்ளையாக இருந்து ஆத்தா வழி ஐயாவின் பெயரைப் பெற்றிருக்கலாம். மூன்றாவதோ நான்காவதோ பிள்ளையாக இருந்து பெரியவர் வேறொருவர் பெயரை இட்டிருக்கலாம். பிள்ளையில்லாமல் வேண்டிப் பெற்று சாமி பெயர் வைத்திருக்கலாம் (பழனியப்பன், வயிரவன் என்றால் இதை முதலில் நினைக்க வேண்டும், வீரப்பனுக்கு அவ்வளவாக இல்லை). அல்லது வேறொரு வீட்டில் பிறந்து, அந்த வீட்டு ஐயா பெயரோடு இங்கே சுவீகாரம் (தத்து) வந்திருக்கலாம். உங்கள் பங்காளி சொல்வது இந்த நான்காவது. லெட்சுமணருக்கு மூத்த தாரம் இறந்து இரண்டாந்தாரம் இருந்திருந்தால் ஆத்தா வழி ஐயா இருவர் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவதா நான்காவதா என்பதற்கு உங்களிடம் உள்ள மூன்று பொருளே விடை சொல்லக்கூடும். பங்காளியிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை.

முதலில் ஓலை. நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது இசைகுடிமானம்தான், அதாவது கல்யாண ஒப்பந்த ஓலை. அதில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் பெயர், ஊர், நாள் வரும். நமக்கு வேண்டியது ஒரே பெயர்: பெண்ணைப் பெற்றவர். அது வீரப்பன் என்றால் உங்கள் ஐயா அந்தப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை, இரண்டாமவர் என்ற பக்கம் தராசு பலமாகச் சாயும். அப்போது மூத்தவர் ஒருவர் பெரி.லெ.பெரி. என்ற விலாசத்தோடு எங்காவது இருந்திருக்க வேண்டும், சிறுவயதிலேயே இறந்திருந்தால் ஒழிய.

ஓலையைத் துணியால் துடைக்காதீர்கள், ஈரம் படவே கூடாது. எண்ணெய் பூசி மை ஏற்றும் வேலையைச் சுவடி பராமரிப்பவரிடம் விடுங்கள். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தள்ளிவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓலைக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துப் படமெடுங்கள். எழுத்தாணிக் கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒளியை இடது ஓரத்திலிருந்து ஒருமுறை, மேல் ஓரத்திலிருந்து ஒருமுறை மாற்றி இரண்டிரண்டு படம். நேர் ஃபிளாஷில் எடுத்ததால்தான் உங்கள் படத்தில் பாதி வெளுத்துவிட்டது. பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ‘வீரபபன’ என்றுதான் தெரியும். ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். ௸ என்பது ‘மேற்படி’. அதை ஒரு பெயரின் முதலெழுத்து என்று படித்து, இல்லாத ஆளை மரத்தில் ஏற்றியவர்கள் உண்டு. எண்களில் ௧ என்பது ‘க’ போலவும் ௨ என்பது ‘உ’ போலவும் இருக்கும்.

வருஷம் ‘விளம்பி’ என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை உற்றுப் பாருங்கள், அந்தச் சொல்லுக்கு இடது பக்கம் பூச்சி அரித்திருக்கிறது. அங்கே ஒரு ‘ஏ’ இருந்திருக்கலாம். ஏவிளம்பியும் விளம்பியும் அடுத்தடுத்த வருஷங்கள்: ஏவிளம்பி 1897, விளம்பி 1898. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அதே பெயர்கள் 1837, 1838-லும் 1957, 1958-லும் வரும். உங்கள் அப்பச்சி 1938-ல் பிறந்தவர் என்பதால் நடுவில் உள்ளதுதான் பொருந்தும். மாதம் தையாக இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுபவை. ஏவிளம்பி தை என்றால் 1898 ஜனவரி-பிப்ரவரி, விளம்பி தை என்றால் 1899 ஜனவரி-பிப்ரவரி. கிழமையும் நட்சத்திரமும் ஓலையில் இருக்கும். இரண்டு ஆண்டுக்கும் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கழிந்துவிடும். நூறாண்டுப் பஞ்சாங்கம் போதும், சோதிடரிடம் போக வேண்டாம்.

இரண்டாவது, வீட்டுப் பங்கு. இதை நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஓலையைவிட இதுதான் சுவையாகப் பட்டது. பங்கின் கீழெண் ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பெருக்கிச் சொல்லும் எண். அப்பச்சிக்கும் தம்பிக்கும் 12-ல் ஒன்று ஒன்று என்றால் ஐயா வீரப்பருக்கு 6-ல் ஒன்று. வீட்டைக் கட்டியவர் பெரி. என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறு என்பது லெட்சுமணருடன் பிறந்த ஆண்மக்கள் எண்ணிக்கையும் லெட்சுமணருக்கு இருந்த ஆண்மக்கள் எண்ணிக்கையும் பெருக்கி வந்தது. 6×1, 3×2, 2×3, 1×6 என நான்கே வழி. வீரப்பர் சுவீகாரம் வந்தவர் என்றால் அவர் ஒரே பிள்ளை. ஆகவே 6×1, பெரி.க்கு ஆறு ஆண்மக்கள். அவர் இரண்டாவது பிள்ளை என்றால் 3×2, 2×3 அல்லது 1×6.

எது என்பதை வீட்டிடமே கேளுங்கள். வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி எத்தனை இரட்டை வீடு (சேர்ந்தாற்போல் இரண்டு அறை) என்று எண்ணுங்கள். கல்யாணமான பிள்ளைக்கு ஓர் இரட்டை வீடு என்று கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். பின்னால் தடுத்ததை விட்டுவிடுங்கள். கதவு நிலையும் தரையும் மற்றவற்றோடு ஒத்துப்போகாத அறை பிற்பாடு வந்தது. மூன்று இருந்தால் ஒரு கதை, ஆறு இருந்தால் வேறு கதை. முகப்பில் சுதையில் வருஷமும் விலாசமும் இருந்தால் கட்டியது பெரி.யா லெ.யா என்பதும் தெரியும். கட்டியவர் லெட்சுமணர் என்றால் மேலே சொன்ன பெருக்கல் மாறும்: அவருக்கு ஆறு பிள்ளை, சுவீகாரப் பேச்சே அடிபட்டுப்போகும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை மூன்று. ஒரு பங்காளியின் பங்கை இன்னொருவர் விலைக்கு வாங்கியது. 1937-ம் ஆண்டுச் சட்டத்தால் கணவர் பங்கு கைம்பெண்ணுக்குப் போனது. 1956-க்குப் பிறகு இறந்தவர்களின் பங்கில் பெண்மக்களுக்கும் வந்த உரிமை. தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் பெண்ணுக்குப் பிறப்பிலேயே பங்கு கொடுத்தன. அதனால் அண்மைக்காலப் பத்திரத்தில் உள்ள பின்னத்தை வைத்துப் பழைய தலைமுறையை எண்ணக் கூடாது. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் கிடைக்கும் மிகப் பழையதைக் கேளுங்கள்.

அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். இணையத்தில் வில்லங்கம் பார்த்தால் பெரும்பாலும் 1975-க்கு இப்பால்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைத் தேட நேரில் மனுக் கொடுக்க வேண்டும். பதிவுச் சட்டப்படி 1-ம் புத்தகம் அசையாச் சொத்து. அதையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அட்டவணை இரண்டு வகை: ஆள் பெயர்ப்படி ஒன்று, சொத்துப்படி ஒன்று. பெயர் அட்டவணையில் ‘வீ’யில் இல்லையென்று திரும்பிவிடாதீர்கள். எழுதியவர் விலாசத்தைப் பெயரென்று எடுத்துக்கொண்டு ‘பெ’யில் போட்டிருப்பார். ‘லெ’, ‘ல’ இரண்டிலும் பாருங்கள். உயிலும், சுவீகாரம் எடுக்க மனைவிக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரமும் 3-ம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவர் ஏஜெண்டுக்கும் மட்டுமே நகல். இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் உண்டு, ஆகவே நீங்கள் கேட்கலாம். 4-ம் புத்தகம் மற்ற பத்திரங்கள். அதில் நகல் வேண்டுமானால் எழுதியவரின் அல்லது உரிமை கோருபவரின் வாரிசு என்று காட்ட வேண்டும், வாரிசுச் சான்றோடு போங்கள்.

லெட்சுமணர் பிள்ளையில்லாமல் காலமாகி, பிறகு அவர் மனைவி சுவீகாரம் எடுத்திருந்தால் இன்னொரு காகிதம் இருக்க வாய்ப்புண்டு. கணவரின் அதிகாரம் இல்லாவிட்டாலும் நெருங்கிய பங்காளிகள் இசைந்தால் கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம் என்பது இந்தப் பக்கத்துச் சட்டம். 1868-ல் பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்தது ராமநாதபுரம் ஜமீன் வழக்கில்தான். 1956 வரை இதுவே நடைமுறை. அதனால் பங்காளிகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். கொடிவழி தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடையாது: அன்றைக்கு உயிரோடிருந்த பங்காளிகள் வரிசையாக, முழு விலாசத்தோடு.

எந்த ஊர் அலுவலகம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985-ல் வந்தது. அதற்கு முன் ராமநாதபுரம், அது 1910-ல் அமைந்தது. அதற்கும் முன் உங்கள் ஊர் மதுரை மாவட்டம். பழைய காகிதத்தில் ‘மதுரை ஜில்லா’ என்று இருந்தால் வேறு ஊரோ என்று திகைக்க வேண்டாம். பெண் எடுத்தது நற்சாந்துபட்டி, ராயவரம், கோனாபட்டு போன்ற பக்கத்திலிருந்து என்றால் அது 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், வேறு அரசு. பெண் வீட்டுப் பத்திரத்தை தேவகோட்டையில் தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, அண்டா. ‘அரு.சித.’ உங்கள் விலாசத்தில் எங்குமே இல்லை என்று குழம்பியிருக்கிறீர்கள். இருக்காது. பாத்திரத்தில் புள்ளிபுள்ளியாய்க் கொத்தியிருப்பது பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர் விலாசம், சீராக வந்தது. அது உங்கள் வீட்டுக்கு மருமகளாய் வந்த ஓர் ஆச்சி பிறந்த வீட்டின் அடையாளம். எந்தத் தலைமுறை ஆச்சி என்பதே கேள்வி. உங்கள் ஆத்தா, அப்பத்தா இருவர் பிறந்த வீட்டு விலாசமும் அரு.சித. இல்லையென்றால் ஒரு படி மேலே, லெட்சுமணர் மனைவியிடம் போகிறது. அப்படியானால் ஓலையில் பெண்ணைப் பெற்றவர் சிதம்பரமாகவோ, அவருடைய மகனாகவோ இருப்பார். சிதம்பரமே என்றால் வீரப்பன் அல்ல என்றாகிறது. இது உங்கள் பங்காளி சொல்வதற்குச் சாதகமான சாட்சி. ஆனால் பங்கு பிரிக்கும்போது பாத்திரம் வீடு மாறும், பழைய சாமான் கடையில் வாங்கியதும் சேர்ந்துவிடும். சாமான் அறையில் உள்ள மற்ற பாத்திரங்களையும் கவிழ்த்து, விளிம்பும் கழுத்தும் பாருங்கள். ஒரே விலாசம் ஏழெட்டில் இருந்தால்தான் அது ஒரு கல்யாணத்துச் சீர்.

பினாங்குப் பத்திரத்துக்கு ஒரு பத்தி போதும். வட்டிக்கடை விலாசத்தின் கடைசி எழுத்து பெரும்பாலும் முதலாளியின் பெயரே. பி.எல்.வி. என்றால் பெரி.லெ. வீரப்பர் கடை, உங்கள் ஐயா கடை. கையெழுத்திட்டவர் அநேகமாக அவர் மகனல்ல, மேலாள் (கடையை நடத்திய தலைமை ஏஜெண்ட்). அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கீழே ஆட்கள் இருக்க, முதலாளி ஊரில் இருந்தபடி மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருப்பார். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஆள் மாறும். அதனால் அந்தப் பெயரை மரத்தில் எங்கும் ஒட்ட வைக்காதீர்கள். கடைப் பேரேடு எதுவும் மிஞ்சியிருந்தால் மட்டும் விடாதீர்கள். ஆச்சிமார் பணம் என்று பெண்கள் பெயரில் வரவு வைத்த பக்கங்கள் இருக்கும். இன்னார் பெண்சாதி இன்னார் என்று பெண்களின் பெயர் முழுதாக வரும் அரிய இடங்களில் அது ஒன்று. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பினாங்குச் செய்தியும் அதில் உண்டு. அங்கே லெட்சுமணனை மலாயா எழுத்துக்கூட்டலில் ‘லெட்சுமனன்’, ‘லட்சமணன்’ என்று பலவிதமாக அடித்திருப்பார்கள். செட்டி, செட்டியார் எல்லா வடிவத்திலும் தேடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் காகிதங்களில் ‘செட்டி’ என்று வருகிறவர் எல்லாம் நம்மூர்க்காரர் அல்ல. மலாக்கா சிட்டிகள் வேறு. தமிழ்நாட்டிலேயே வாணியர், தேவாங்கர் உட்படப் பல சமூகத்தாருக்கு அந்தப் பட்டம் உண்டு.

கோயிலைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். உங்கள் கடிதத்தில் கோயில் எது என்று எழுதவே இல்லை. நகரத்தார் குடும்பங்கள் பிரிந்து சேர்ந்திருக்கும் ஒன்பது நகரக் கோயிலில் (இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி) எது உங்களுடையது, இளையாத்தங்குடியோ மாத்தூரோ வைரவன்கோயிலோ ஆனால் எந்தப் பிரிவு, இது தெரியாமல் மற்றதைத் தேடுவது பெயர் தெரியாத ஊரில் வீடு தேடுவது போல. தெரியவில்லையென்றால் அப்பச்சி கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள், அல்லது மாலை எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று வயதான ஆச்சிமாரைக் கேளுங்கள். ‘கழனிவாசல்’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். இளையாத்தங்குடியிலும் கழனிவாசல் பிரிவு உண்டு, வைரவன்கோயிலிலும் உண்டு, காரைக்குடியை ஒட்டி அந்தப் பெயரில் ஊரும் உண்டு.

கோயிலில் இருப்பது புள்ளிக் கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி, ஒருவர் போனால் அரைப்புள்ளி. கல்யாணமாகாமல் இறந்தவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆகவே புள்ளியில் இல்லாத பிள்ளை பிறக்கவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. போகும்போது ஊர், முழுத் தமிழ் விலாசம், கல்யாண வருஷம், பெண் எடுத்த ஊர் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கோயில் கணக்கப்பிள்ளையிடம் ‘எங்க வம்சம் வேணும்’ என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். ‘இந்த ஊர்ப் புள்ளியில் பெரி.லெ. என்று தொடங்குவது எத்தனை’ என்று கேளுங்கள். பெரி.லெ.பெரி. என்று ஒரு புள்ளி இருந்தால் ஐயாவுக்கு அண்ணன் இருந்தார், விஷயம் கிட்டத்தட்ட முடிந்தது. சுவீகாரம் பெரும்பாலும் அதே கோயில், அதே பிரிவுக்குள் நடப்பதால், கோயில் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து சுவீகாரம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படைப்பு வீட்டையும் (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிடும் வீடு) ஒருமுறை பாருங்கள். ஒரே படைப்பில் வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்ற கணக்கு அங்கே இருக்கும், புள்ளிக் கணக்கைவிட நெருக்கமான வட்டம். பெரியவர்களிடம் பேசும்போது ‘உங்க ஐயா பேரென்ன’ என்று கேட்காதீர்கள். மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாத தலைமுறை, வீட்டுப் பெயரைத்தான் சொல்வார்கள். அதை நிஜப் பெயரென்று எழுதிக்கொண்டு வருவீர்கள். ‘இவருக்கு யார் பேரை விட்டார்கள்’, ‘இவர் ஆத்தா பிறந்த ஊர் எது’, ‘பிள்ளை விட்ட வீடு எது’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி தத்தைப் பற்றியது, கூட்டத்தில் கேட்க வேண்டாம்.

எவ்வளவு மேலே போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பெயரோடும் காகிதத்தோடும் பெரி.க்கு ஒன்றிரண்டு தலைமுறை மேலே போனால் அதுவே நல்ல அறுவடை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம் என்பது சமூகத்தின் மரபு. அதற்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே பெயர் பெயராகக் கோக்கக் காகிதம் கிடையாது. சோழர் கல்வெட்டில் ‘நகரத்தார்’ என்று பார்த்ததும் பூரித்துப் போகிறவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன், அங்கே அது வணிகர் சபையைக் குறிக்கும் சொல்.

பேத்தி பெயருக்கு என் யோசனை: செட்டியார் வேண்டாம். அது பட்டம், பல சமூகத்துக்குப் பொது, குடும்பத்தைப் பிரித்துக் காட்டாது. கோயில் பிரிவுப் பெயர் (ஒக்கூருடையார், உறையூருடையார் போல) தலைமுறை மாறினாலும் மாறாதது, குடும்பப் பெயருக்கு மிக அருகில் வருவதும் அதுதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான வீட்டுக்குச் சொந்தம், அமெரிக்கப் படிவத்தில் நீளமும் தாங்காது. உங்கள் அப்பச்சி பெயர் லெட்சுமணனை மகனும் பேத்தியும் குடும்பப் பெயராக நிறுத்திக்கொள்ளட்டும், இனி அது மாறாது என்ற முடிவோடு. இனிஷியலை விரிக்காமல் பாஸ்போர்ட்டில் போட முடியாது, எப்படியும் ஒரு பெயரை முழுதாக எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து, மகன் பாஸ்போர்ட்டை முதலில் மறுவெளியீடு வாங்கட்டும். விசா, வேலைக் காகிதம், வங்கி எல்லாம் அதன் பின்னால். குழந்தை பிறக்கும் முன்பே இது முடிந்தால் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒட்டி வரும். ‘எஃப்.என்.யூ.’ வந்ததற்குக் காரணம், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் இருந்த ஒரே பெயரை அவர்கள் அந்தக் கட்டத்துக்கு நகர்த்தி, முதற்பெயர் தெரியாது என்று குறித்தது. முழு விலாசம் பாஸ்போர்ட்டில் வராவிட்டால் குறையில்லை, கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் புள்ளியிலும் வரட்டும்.

ஐயா சுவீகாரம் என்று தெரிந்தால் மரத்தில் இரண்டு கோடு போடுங்கள். பிறந்த வீட்டிலிருந்து ஒரு புள்ளிக்கோடு, வந்த வீட்டிலிருந்து முழுக்கோடு. விலாசமும் படைப்பும் முழுக்கோட்டில் போகும். ரத்த உறவும், பெண் கொடுக்கல் வாங்கலில் பார்க்கும் விலக்கும் புள்ளிக்கோட்டிலும் போகும்.

இப்போதைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த இரண்டு படங்களும், இரட்டை வீடு எத்தனை என்ற எண்ணிக்கையும் அனுப்பி வையுங்கள். ஓலையில் பெண்ணைப் பெற்றவர் பெயர் ‘வீ’யில் தொடங்குகிறதா ‘சி’யில் தொடங்குகிறதா என்பதை முதலில் பார்ப்போம்.